சூட்டுக் கொப்புளமா, அக்கியா, ஹெர்பீஸா? அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரில் மே மாதம் என்றால் எதற்கும் காரணம் தேட வேண்டியதில்லை. கண் எரிந்தால் சூடு. வாய் புண்ணானால் சூடு. சிறுநீர் கடுத்தால் சூடு பிடித்துக்கொண்டது. காட்பாடி சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இரவு ஒன்பதரை மணிக்குமேல், கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் வந்து நிற்பார். "அண்ணா, சூட்டுக் கொப்புளத்துக்கு ஏதாவது களிம்பு கொடுங்கள்" என்பார். எந்த இடத்தில் என்று கேட்டால் பதில் வராது. கண் மட்டும் கீழே இறங்கும். இடம் தெரிந்துவிடும்.

கடை போட்ட புதிதில் நானும் தப்புச் செய்திருக்கிறேன். இப்படி வந்த ஒருவருக்கு ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த ட்யூப் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அப்போது எல்லாக் கடையிலும் அதுதான் பழக்கம். பத்து நாள் கழித்து அவர் வந்தபோது காலை அகட்டி அகட்டி நடந்து வந்தார். ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். அது வைரஸுக்குக் கதவைத் திறந்துவிட்டதுபோல. அன்றைக்குப் பிறகு களிம்பை எடுப்பதற்கு முன் நான்கு கேள்வி கேட்கிறேன். கொப்புளம் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஏதாவது தெரிந்ததா? தனியாக வந்ததா, கொத்தாக வந்ததா? வலிக்கிறதா? இதே இடத்தில் முன்பும் வந்திருக்கிறதா?

இந்த வழிகாட்டி அந்த நான்கு கேள்விகளின் விரிவுதான். கொப்புளத்தின் தோற்றம் ஏமாற்றும். அது வந்த வரிசை அவ்வளவு எளிதாக ஏமாற்றாது. நான் மருந்தாளுநர், மருத்துவர் அல்ல. சந்தேகம் வரவேண்டிய இடத்தில் சந்தேகம் வரவைப்பதோடு என் வேலை முடிகிறது. உறுதி செய்ய மருத்துவரும் பரிசோதனையும் வேண்டும்.

படி 1: முதலில் பெயரைக் கழற்றி வையுங்கள்

நம் பக்கத்தில் கொத்தாகக் கொப்புளம் கிளம்பினால் அக்கி என்பார்கள். குயவர் வீட்டுக்குப் போய்க் காவிமண்ணைக் குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வருவார்கள். முதுகிலும் விலாவிலும் ஒருபக்கமாக வரும் அந்த அக்கி பெரும்பாலும் சின்னம்மை வைரஸின் வேலை. சின்னம்மை ஆறியபின் நரம்பில் பதுங்கியிருந்து, வயதான பிறகு மீண்டும் கிளம்புகிறது.

இங்கே பேசப்போவது அதற்குப் பங்காளி முறையான இன்னொரு வைரஸைப் பற்றி. ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் என்று பெயர். இதில் இரண்டு வகை. காய்ச்சலுக்குப் பின் உதட்டோரம் வெடிக்கும் கொப்புளம் பெரும்பாலும் முதல் வகையால் வருவது. பிறப்புறுப்பில் வருவதற்கு அதிகமும் இரண்டாம் வகையே காரணம். ஆனால் வாய்வழி உறவால் முதல் வகையும் கீழே வந்து குடியேறும்.

ஊரில் இதை மேகநோய் என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுவார்கள். அந்த மூட்டைக்குள் சிபிலிஸ் இருக்கும், வெட்டை இருக்கும், சில நேரம் வெறும் படர்தாமரைகூட இருக்கும். பஸ் நிலையச் சுவர்களில் "ரகசிய நோய்களுக்கு" என்று நோட்டீஸ் ஒட்டி, மாதம் ஒருநாள் லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியர்களுக்கு அந்த மூட்டைதான் சோறு போடுகிறது. இது ரகசியமான நோயே அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 15 முதல் 49 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ 84.6 கோடிப் பேருக்குப் பிறப்புறுப்பு ஹெர்பீஸ் தொற்று இருக்கிறது. ஐந்து பேரில் ஒருவருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது.

படி 2: பார்க்கிற விதம்

நல்ல வெளிச்சம் வேண்டும். பகலில் ஜன்னலோரம் அல்லது செல்போன் டார்ச். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள், முடித்தபின் மறுபடியும் கழுவுங்கள்.

ஆண்கள் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி, குறிமொட்டின் அடிவிளிம்பைச் சுற்றிலும் பார்க்க வேண்டும். பிறகு தண்டு, விதைப்பை, தொடை இடுக்கு. பெண்கள் குந்தி உட்கார்ந்து கைக்கண்ணாடியைக் கீழே வைத்தால் நன்றாகத் தெரியும். வெளியிதழ், உள்ளிதழ், சிறுநீர்த் துளையைச் சுற்றிய இடம் எல்லாவற்றையும் விலக்கிப் பாருங்கள். கருப்பைவாயில் வரும் புண் கண்ணாடியில் தெரியாது. வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதலும் அடிவயிற்று வலியும் மட்டும் இருக்கலாம். ஆசனவாயைச் சுற்றியும் புட்டத்திலும் பார்க்க மறக்காதீர்கள். பிறப்புறுப்பு ஹெர்பீஸ் என்று பெயர் இருந்தாலும் கொப்புளம் புட்டத்திலும் தொடையிலும் வரும். இடுப்புக்குக் கீழே அந்தப் பகுதிக்கெல்லாம் உணர்ச்சி கொண்டுபோகும் நரம்புகள், முதுகெலும்பின் அடியில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. வைரஸ் குடியிருப்பது அந்த நரம்பு முடிச்சில்.

ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் மருத்துவருக்கு மிகவும் உதவும், ஏனென்றால் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் கொப்புளம் உருமாறிவிடும். போனில் பூட்டுப் போட்ட இடத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் தெரிந்த மருந்துக்கடைக்காரருக்கு அனுப்பாதீர்கள், நான் உட்பட.

படி 3: நாள்கணக்கைப் போடுங்கள்

நாள்கணக்குதான் எல்லாவற்றிலும் முக்கியம். சுவரில் தொங்கும் நாட்காட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே படிக்கலாம்.

வைரஸ் உடம்பில் ஏறிய நாளிலிருந்து முதல் அறிகுறி வர 2 முதல் 12 நாள் ஆகும்; நான்கு நாள் அளவில் வருவது வழக்கம். அறிகுறி வருகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. ஒன்றுமே தெரியாமல் ஏறி, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருந்து பிறகு தலைகாட்டுவதும் நிறைய உண்டு.

முதலில் வருவது உணர்ச்சி. தோலில் ஒன்றும் இருக்காது, ஆனால் அந்த இடத்தில் குறுகுறுப்பு, எரிச்சல், எறும்பு ஊர்வதுபோல அரிப்பு. சிலருக்கு இடுப்பிலிருந்து தொடை வழியாகவோ புட்டத்தின் வழியாகவோ மின்சாரம் பாய்ந்ததுபோல ஓர் இழுப்பு. ஸ்கூட்டரில் வெகுதூரம் போனதால் வந்த வலி என்று நினைத்துக்கொள்வார்கள். சில மணி நேரமோ ஓரிரு நாளோ இது நீடிக்கும்.

அடுத்து தோல் சிவக்கும். சிவந்த இடத்தின்மேல் கடுகு அளவில் கொப்புளங்கள் கிளம்பும். ஒன்று இரண்டல்ல, நெருக்கமாக ஒரு கொத்து. பாயசத்தில் வெந்த ஜவ்வரிசியைப் பார்த்திருப்பீர்கள்: உள்ளே தெளிவாக, மேலே மெல்லிய தோல். சிவந்த துணியில் அந்த ஜவ்வரிசி நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஓரிரு நாளில் உள்ளே இருக்கும் தண்ணீர் கலங்கி மங்கும்.

பிறகு உடையும். ஈரமான இடங்களில், அதாவது உள்ளிதழிலும் முன்தோலுக்கு அடியிலும், கொப்புளம் உருவான வேகத்திலேயே உடைந்துவிடும். அதனால் பெண்கள் பலர் கொப்புளத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் பார்ப்பது நேராகப் புண்ணைத்தான். ஆழமில்லாத, வட்டமான, சிவந்த சின்னச் சின்னப் புண்கள். இரண்டு மூன்று சேர்ந்தால் ஓரம் அலை அலையாகத் தெரியும். துணி உரசினாலே உயிர் போகும் வலி.

கடைசியில் ஆறும். உலர்ந்த தோலில் பொருக்குத் தட்டி உதிரும். ஈரமான இடத்தில் பொருக்கு இல்லாமலே மூடிக்கொள்ளும். பெரும்பாலும் தழும்பு இருக்காது. மருந்து இல்லாவிட்டால் முதல் தடவை 2 முதல் 4 வாரம் இழுக்கும். அதற்குள் பழைய கொத்து ஆறும்போதே பக்கத்தில் புதுக் கொத்துக் கிளம்புவதும் உண்டு.

முதல் தடவைக்கு இன்னும் சில துணைகள் இருக்கும். காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. இரண்டு தொடை இடுக்கிலும் நெறி கட்டி, தொட்டால் வலிக்கும். சிலர் இந்தக் காய்ச்சலை டெங்கு என்று நினைத்து ரத்தப் பரிசோதனைக்கு ஓடியிருக்கிறார்கள். கீழே புண் இருப்பதைச் சொல்லக் கூச்சப்பட்டதால் மருத்துவருக்கும் அது தெரியாமலே போனது.

சிறுநீர் எரிச்சலைச் சற்று நின்று கவனிக்க வேண்டும், நம் ஊர் ஏமாறுவது அங்கேதான். சிறுநீர்ப்பைத் தொற்றில் கடுப்பு உள்ளேயிருந்து வரும், அடிக்கடி போகத் தோன்றும். ஹெர்பீஸில் சிறுநீர் வெளியே வந்து புண்ணில் படும் அந்த நொடியில்தான் சுரீர் என்று பிடிக்கும். ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே சிறுநீர் கழித்துப் பாருங்கள். எரிச்சல் நன்றாகக் குறைந்தால், கோளாறு வெளித்தோலில் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து, வெந்தயத்தை விழுங்கி மோர் குடித்து மூன்று நாள் காத்திருப்பவர்கள், இந்த ஒரு சொம்புத் தண்ணீரை முதலில் செலவழித்தால் நல்லது.

படி 4: சின்னதாக வருவதைச் சின்னது என்று விடாதீர்கள்

மேலே சொன்னது பாடப்புத்தக உருவம். நடைமுறையில் நான் அதிகம் கேட்டது வேறு மாதிரி. "இதே இடத்தில் ஒரு சின்னக் கீறல் வந்து நாலைந்து நாளில் போய்விடுகிறது, மறுபடி வருகிறது." "மாதவிலக்குக்கு முன்னால் ஒரு பரு வந்து உடைகிறது." "புட்டத்தில் ஒரே இடத்தில் அரிப்பு, பிறகு இரண்டு கொப்புளம், பூச்சி கடித்ததுபோல."

மறுபடி மறுபடி வருவது ஹெர்பீஸின் சுபாவம். இரண்டாம் தடவையிலிருந்து அது அடக்கமாக வரும்: ஒரே பக்கத்தில், குறைவான கொப்புளம், காய்ச்சல் இல்லை, 5 முதல் 10 நாளில் ஆறிவிடும். முன்கூட்டியே குறுகுறுப்புத் தெரியும். இரண்டாம் வகை வைரஸ் முதல் ஆண்டில் சராசரியாக நான்கு முறை திரும்பும். முதல் வகை ஒருமுறை வந்தாலே அதிகம். ஆண்டுகள் போகப் போக வருகை குறையும். காய்ச்சல், தூக்கமின்மை, மனஉளைச்சல், மாதவிலக்கு, உரசல் இவற்றை ஒட்டி வருவதாகப் பலர் சொல்வார்கள்.

ஆக, ஒரே இடத்தில் மூன்றாம் முறை வந்த கீறலை ஜிப் கிழித்தது என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஜிப்புக்கு அவ்வளவு குறி தெரியாது.

படி 5: வேறு எதுவாக இருக்கலாம்?

முதலில் சிபிலிஸ், உடலுறவால் தொற்றும் இன்னொரு நோய். இதைத் தவறவிட்டால் பின்னால் இதயத்தையும் மூளையையும் தொடும். அந்தப் புண் பெரும்பாலும் ஒன்றே ஒன்று, அடியில் கடினமாக, முக்கியமாக வலியே இல்லாமல் இருக்கும். வலி இல்லை என்று நிம்மதி அடைபவர்கள்தான் அதிகம் கவலைப்பட வேண்டியவர்கள். தானாக மறையும், மறைந்தால் குணமாகிவிட்டது என்று பொருளில்லை. ஒரே ஆளுக்கு சிபிலிஸும் ஹெர்பீஸும் சேர்ந்து இருக்கலாம் என்பதால், எந்தப் புண்ணானாலும் சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை அவசியம். நல்ல செய்தி, பென்சிலினுக்கு அது அடங்கிவிடும்.

மாத்திரைத் தடிப்பு என்று ஒன்று இருக்கிறது. ஹெர்பீஸைப்போலவே ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து நன்றாக ஏமாற்றும். சில வலி மாத்திரைகளோ ஆன்டிபயாடிக்கோ சாப்பிட்ட சில மணி நேரத்தில், குறிமொட்டில் வட்டமாகச் சிவந்து கொப்புளிக்கும். ஆறியபின் கருஞ்சாம்பல் நிறத்தில் வடு நிற்கும். ஹெர்பீஸ் அப்படிக் கறுத்த வட்டத்தைப் பொதுவாக விட்டுப்போகாது. ஒருவருக்கு இரண்டு ஆண்டாக ஹெர்பீஸ் என்றே நினைத்திருந்தோம். கடையில் பழைய பில்களைப் புரட்டியபோதுதான், கொப்புளத்துக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் வயிற்றுப்போக்குக்கு அதே மாத்திரையை வாங்கியிருப்பது தெரிந்தது. மாத்திரை நின்றது, கொப்புளமும் நின்றது.

சொறி என்றால் இரவில் அரிப்பு கூடும், விரலிடுக்கிலும் இருக்கும், வீட்டில் இன்னொருவரும் சொறிந்துகொண்டிருப்பார். படர்தாமரை வட்டமாக விளிம்பு கட்டிப் பரவும், அரிக்கும், ஆனால் கொத்துக் கொப்புளமாக வலிக்காது. சவரம் செய்தபின் வரும் மயிர்க்கால் பருக்களில் நடுவில் ஒரு முடி தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்குப் பூஞ்சையால் முன்தோல் வெடிக்கும், தயிர்போல வெள்ளை படியும். உண்மையான அக்கி உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டாது, ஒருபக்கமாகப் பட்டையாக வரும், அரிதாகத்தான் திரும்ப வரும். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் தொழிற்சாலைகளில் ரசாயனம் கையாளுபவர்கள் கையுறையோடு சிறுநீர் கழித்துவிட்டு அந்த இடம் வெந்துபோனதாகச் சொல்வார்கள். அது ஒவ்வாமையும் எரிச்சலும். கையிலும் அடையாளம் இருக்கும்.

படி 6: கொப்புளம் ஈரமாக இருக்கும்போதே போங்கள்

ஆறட்டும், பிறகு போகலாம் என்று காத்திருப்பதுதான் பெரிய பிழை. உடையாத கொப்புளத்தின் நீரையோ புதுப் புண்ணின் அடிப்பகுதியையோ பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்து பி.சி.ஆர் பரிசோதனை செய்தால் வைரஸ் இருக்கிறதா, எந்த வகை என்பது இரண்டும் தெரியும். பொருக்குத் தட்டிய பிறகு எடுத்தால் வைரஸ் கிடைக்காமல் போகலாம், அதற்காக இல்லை என்று அர்த்தமாகாது. முதல் இரண்டு மூன்று நாளுக்குள் போவது நல்லது. வைரஸை அடக்கும் மாத்திரையும் சீக்கிரம் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

வைரஸை எதிர்த்து உடம்பு செய்யும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடும் ஐ.ஜி.ஜி பரிசோதனைக்கு வேறு கணக்கு. எதிர்ப்பொருள் உருவாக 12 வாரம் வரை ஆகலாம், அதனால் புண் வந்த வாரத்தில் இல்லை என்று வந்தால் அதை நம்பி உட்கார முடியாது. ஐ.ஜி.எம் என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனையை லேப்கள் தாராளமாக எழுதிக் கொடுக்கின்றன. புதுத் தொற்றா பழையதா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. அதைத் தவிர்த்தால் காசு மிச்சம்.

எங்கே போவது? அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. சுகவாழ்வு மையம் என்று பலகை இருக்கும். வேலூர்க்காரர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவண்ணாமலை போகும் சாலையில். ஆலோசனையும் மருந்தும் இலவசம். நாடு முழுவதும் இந்த மையங்களில் நோய்க்குறிக்கு ஏற்ப நிறம் பிரித்த மருந்துப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள்; ஹெர்பீஸுக்கு உரியது சிவப்பு, உள்ளே வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை. ஹெச்.ஐ.வி பரிசோதனைக்கு நம்பிக்கை மையம். அதையும் அன்றைக்கே செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டாம் வகை ஹெர்பீஸ் இருப்பவர்களுக்கு ஹெச்.ஐ.வி தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. போவதற்கு முன் பேசிப் பார்க்க விரும்பினால் 1097 என்ற இலவச எண்.

இந்தியாவில் ஹெச்.ஐ.வி முதன்முதலில் கண்டறியப்பட்டதும் இந்த ஊரில்தான். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்துதான் பரிசோதித்தார்கள். கரிகிரியில் தொழுநோய்க்கு மருத்துவமனை வைத்திருக்கும் ஊரும் இதுதான். தோலில் வரும் நோய்க்கு ஊர் என்ன பெயர் வைக்கும், அது ஆளை எங்கே தள்ளும் என்று வேலூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூச்சத்துக்கு ஒரு சின்ன ஆறுதல்: நம் நாட்டில் தோல், பால்வினை, தொழுநோய் மூன்றுக்கும் ஒரே மருத்துவத் துறை. தோல் நோய்ப் பிரிவின் வரிசையில் நிற்பவரைப் பார்த்து இவர் படர்தாமரைக்கு வந்தாரா வேறெதற்கா என்று யாராலும் சொல்ல முடியாது. குடியாத்தம் மருத்துவமனையில் மாமா வேலை பார்க்கிறார் என்றால் பஸ் ஏறி வேலூர் வாருங்கள். வேலூரில் அத்தை இருந்தால் வாலாஜா போங்கள். பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்கலாம், தப்பில்லை.

மருத்துவரிடம் சொல்ல நான்கு வரியைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: என்றைக்குத் தொடங்கியது, முதலில் என்ன தெரிந்தது, முன்பு வந்திருக்கிறதா, இதுவரை என்ன மருந்து போட்டீர்கள். கடைசிக் கேள்விக்குக் காவிமண், மஞ்சள், எலுமிச்சை, கடைக்காரர் கொடுத்த ட்யூப் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

படி 7: மருத்துவரைப் பார்க்கும்வரை

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் ஒற்றி உலர்த்துங்கள். தளர்ந்த பருத்தி உடை போதும். வீட்டில் லுங்கியோ பாவாடையோ போல இதமானது எதுவும் இல்லை. வலிக்குப் பாராசிட்டமால். தொட்டால் கையைக் கழுவுங்கள், முக்கியமாகக் கண்ணைத் தொடுவதற்கு முன். டெட்டால் ஊற்றாதீர்கள், கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். உடலுறவு முழுதாக நிற்க வேண்டும், ஆணுறையோடும் வேண்டாம், பொருக்கு உதிர்ந்து தோல் மூடும்வரை.

சிலவற்றுக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, கடுமையான தலைவலியோடு கழுத்து விறைப்பது, கண் சிவந்து வலிப்பது, ஹெச்.ஐ.வி இருப்பவருக்கோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவருக்கோ புண் பரவுவது. இவற்றுக்கு நேராக அவசரப் பிரிவு.

கர்ப்பிணிகள் தனிக் கதை. பழைய ஹெர்பீஸ் உள்ள தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பிரசவத்துக்குச் சற்று முன்னால் புதிதாகத் தொற்றினால் அது 30 முதல் 50 சதவீதம் வரை போகும், பச்சைக் குழந்தைக்கு உயிராபத்து. கடைசி மாதங்களில் முதல் முறையாகக் கொப்புளம் வந்தால் அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முன்பு வந்திருந்தாலும் சொல்ல வேண்டும். 36ஆம் வாரத்திலிருந்து மாத்திரை கொடுப்பார்கள், வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் அறுவை சிகிச்சை முடிவு செய்வார்கள்.

படி 8: யாரிடமிருந்து என்ற கேள்வி

முடிவு கையில் வந்த இரவே இந்தக் கேள்வி வீட்டுக்குள் நுழையும். நான் பார்த்த சண்டைகளில் பாதி, நாள்கணக்கைத் தப்பாகப் போட்டதால் வந்தவை. இன்றைக்குக் கொப்புளம் வந்தது என்றால் போன வாரம் தொற்றியது என்று பொருளல்ல. திருமணத்துக்கு முன்பே, தெரியாமலே, ஒருவர் உடம்பில் ஏறியிருக்கலாம். கொப்புளம் இல்லாத நாட்களிலும் தோலிலிருந்து வைரஸ் உதிரும். தொற்றுவதில் பெரும்பகுதி அப்படித்தான் நடக்கிறது. முதல் வகையாக இருந்தால், உதட்டில் காய்ச்சல் கொப்புளம் இருந்த கணவனோ மனைவியோ வாய்வழியாகக் கொடுத்திருக்கலாம். கழிப்பறை இருக்கை, துண்டு, நீச்சல்குளம் இவற்றால் தொற்றுவதாகச் சொல்வதை நம்ப வேண்டாம். அதைச் சொல்லித் தப்பிக்கவும் வேண்டாம்.

வைரஸை உடம்பிலிருந்து விரட்டும் மருந்து இன்னும் இல்லை. அடக்க மருந்து இருக்கிறது. அடிக்கடி வருகிறவர்கள் தினமும் மாத்திரை சாப்பிட்டால் வருகை 70 முதல் 80 சதவீதம் குறையும். அசைக்ளோவிர் குடும்பத்து வலாசைக்ளோவிர் மாத்திரையைத் தினமும் எடுப்பவர் துணைக்குத் தொற்றவைக்கும் வாய்ப்புப் பாதியாகும். ஆணுறை இன்னும் குறைக்கும், முழுதாகத் தடுக்காது, ஏனென்றால் அது மூடாத தோலிலும் வைரஸ் இருக்கும். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை மருத்துவர் எழுதட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவே மாறும். அசைக்ளோவிர் களிம்பு கேட்டு வருபவர்களிடம் சொல்வதுண்டு: பிறப்புறுப்பு ஹெர்பீஸுக்குக் களிம்பால் பெரிய பயன் இல்லை, மாத்திரைதான்.

போன மே மாதம் ஹெல்மெட்டோடு வந்தவரை மறுநாளே மருத்துவரிடம் அனுப்பினேன். ஒற்றி எடுத்துப் பார்த்தார்கள், இரண்டாம் வகை. ஐப்பசி மழை விடாத ஓர் இரவு மறுபடி வந்தார், இந்தத் தடவை ஹெல்மெட் கையில் இருந்தது. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார். அடுத்த முறை தேவைப்பட்டால் உடனே தொடங்கச் சொல்லி மருத்துவர் முன்கூட்டி எழுதிக் கொடுத்தது. "கொப்புளம் இன்னும் வரவில்லை அண்ணா. மத்தியானத்திலிருந்து வலது தொடையில் இழுக்கிறது" என்றார்.